தெரியாதவர்களுக்கு மட்டும்

ஒரு சங்கம் தகராறில்லாமல் நடந்துகொண்டிருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். இந்த உண்மை நடைத்துணை அறக்கட்டளையின் ஏழு அறங்காவலர்களுக்கும் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெரியாமலே போய்விட்டது.

அறக்கட்டளை செய்துவந்த காரியம் மிகச் சின்னது. கால் முறிந்தவர்களுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கும் சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல் இவற்றை இரவல் கொடுப்பது, நடக்க ஆரம்பித்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது. கூட்ட அறை மாடியில் இருந்தது. அதற்குப் பத்தொன்பது படிகள். நடக்க முடியாதவர்களுக்காக நடக்கும் அறக்கட்டளை ஏன் மாடியில் கூடுகிறது என்று எவரும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்களால் மேலே வர முடியவில்லை.

சாமான்கள் பின்பக்கத் தகரக் கொட்டகையில் கிடந்தன. கொட்டகையின் சாவி ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருத்தியின் இடுப்பில் தொங்கியது. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எல்லாரும் கூப்பிட்டது சாவியக்கா. யாராவது வந்து நின்றால் மூன்று கேள்வி கேட்பாள்: யாருக்கு, எந்தக் கால், டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்கார். பதில் வருவதற்குள் நாற்காலியைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் தாங்களே நடந்து வரவேண்டும் என்பது அவள் வைத்த வழக்கம். வந்தவரைக் கொட்டகை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்த்து, திருப்தியானால் டீ கொடுத்து அனுப்புவாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் தொலைந்துபோனது ஒரே ஓர் ஊன்றுகோலின் அடி ரப்பர்.

இப்படியே போயிருந்தால் எவருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. ஆனால் அடுத்த தெருவில் நாய்களைப் பராமரிக்கும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஒரு நாள் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் ஒன்று ஏறியது. "நிர்வாகச் செம்மைச் சான்றிதழ், முதல் தரம்." பின்னாலேயே நூலகச் சங்கம் வாங்கியது. காலையில் பூங்காவில் கூடி வயிறு வலிக்கச் சிரிப்பவர்களின் சங்கம்கூட வாங்கி, அதைப் பூங்கா வேலியில் மாட்டிவிட்டுச் சிரித்தது. அந்த வருஷம் சான்றிதழ் இல்லாமல் நல்ல காரியம் செய்வது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது.

நடைத்துணையின் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவர். தனக்கு யாருமே போடவில்லை என்கிற ஏக்கம் அவருக்குள் இருந்தது. நாய்ச் சங்கத்தின் சுவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். மறுவாரமே, அறக்கட்டளைகளுக்குச் சட்ட ஆலோசனையும் நிர்வாக ஆதரவும் இலவசமாக வழங்கும் மையத்திலிருந்து, சான்றிதழுக்கு வழிகாட்ட ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார்.

ஆலோசகர் வெளியூர்க்காரர். வெள்ளைச் சட்டை, தோலில் செய்த பை, அதற்குள் நாற்பத்தாறு பக்கக் கையேடு. தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கேலிக்காகச் சொல்லவில்லை. இது பின்னால் சட்டப்படி முக்கியமாகப் போகிறது.

அவர் முதலில் கொட்டகைக்குத்தான் வந்தார். எந்த அடிப்படையில் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று சாவியக்காவிடம் கேட்டார்.

"தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கறேன் சார்," என்றாள் அவள்.

ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். தெரியாதவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். உட்காரவைத்துப் பேசித் தெரிந்துகொண்டு அப்புறம் கொடுப்பேன் என்றாள். ஆலோசகர் நெற்றியில் தொடங்கிப் பின்கழுத்துவரை கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அவருக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது.

மாடியில் அறங்காவலர்கள் எழுவரும் காத்திருந்தார்கள். ஆலோசகர் நிலைமையை எடுத்துச் சொன்னபோது மருந்துக்கடைக்காரரான செயலாளருக்கு வேர்த்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே நடந்திருப்பது தொடர்ச்சியான சலுகை வழங்கல் என்றார் ஆலோசகர். அறிமுகமானவர்களுக்குப் பொதுச் சொத்தைக் கொடுப்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு, அதை இப்போது சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை என்று சொல்லிப் பயமுறுத்தினார். இதுவரை எவரும் புகார் கொடுக்கவில்லையே என்று தலைவர் இழுத்தார். புகார் கொடுப்பதற்கான படிவமே உங்களிடம் இல்லையே என்றார் ஆலோசகர்.

அன்றைக்கே தீர்மானங்கள் நிறைவேறின. கொட்டகைக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி சாவியக்காவிடம், மற்றது செயலாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே அவளை அரைச்சாவியக்கா என்று கூப்பிடலாமா என்று தையற்கடை அறங்காவலர் கேட்டார், யாரும் சிரிக்காததால் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறவில்லை. அடுத்தது படிவம் நான்கு. அதன் பதினோராவது வரியில் பொருள் காப்பாளர், அதாவது சாவியக்கா, கையெழுத்திட வேண்டும்: "மேற்படி விண்ணப்பதாரரை எனக்கு எவ்வகையிலும் தெரியாது என இதனால் உறுதி கூறுகிறேன்."

இந்தப் படிவம் வந்து எட்டாவது நாள் சலூன்காரர் விழுந்தார்.

அந்தப் பகுதியில் சலூன் என்றால் அவருடைய சலூன்தான். ட்யூப்லைட் மாற்ற ஸ்டூல்மேல் ஏறியிருக்கிறார். ஸ்டூல் உடைந்து, தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, வீட்டில் சக்கர நாற்காலி இருக்கிறது என்று காட்டினால் நாளைக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவருடைய மனைவி நேராகக் கொட்டகைக்கு ஓடி வந்தாள்.

கால் வலிகூடப் பரவாயில்லை, மனுஷனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி அழுதாள். சுற்றிலும் இருபது கட்டில், இருபது தலை, ஒன்றையாவது யாராவது ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா என்று புலம்பிக்கொண்டே இருக்கிறாராம். உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் வீட்டு வாசலிலேயே நாலு பேருக்கு வெட்டிக்கொண்டு பொழுதைப் போக்குவேன் என்கிறாராம்.

சாவியக்கா வழக்கப்படி எழுந்துவிட்டாள். இரட்டைப் பூட்டின் முன்னால் நின்ற பிறகுதான் படிவம் நினைவுக்கு வந்தது. மாடிக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கே வலது முழங்கால் கொஞ்ச நாளாகப் பேசிக்கொண்டிருந்தது. பத்தொன்பது படி ஏறி இறங்கினால் சத்தம் போட்டே பேசும். பத்து வரியையும் பூர்த்தி செய்துவிட்டாள். பதினோராவது வரியில் பேனா நின்றது.

பிறகு ஆலோசகர்முன் போய்ப் படிவத்தை வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் படுக்கையில கிடந்த கடைசி ஆறு மாசமும் வீடு தேடி வந்து ஷேவ் பண்ணிவிட்டவர் சார் இவர். தெரியாதுன்னு எப்படி எழுதுவேன்? எழுதினா அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

ஆலோசகர் அவளுடைய நேர்மையைப் பாராட்டினார். பாராட்டைப் பதிவு செய்யவும் சொன்னார். கையெழுத்து மட்டும் இல்லாமல் முடியாது, அவரைத் தெரியாத ஒருவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கலாம் என்றார். மூன்று நாள் தேடினார்கள். சலூன்காரரைத் தெரியாத ஆள் அந்தப் பகுதியில் பிறந்திருக்கவில்லை. பிறந்த குழந்தைக்கே முதல் முடி அவர்தான் எடுப்பார்.

திடீரென்று செயலாளருக்கு யோசனை உதித்தது. ஆலோசகர் வெளியூர்க்காரர். தலையில் முடியும் இல்லை. அவரைவிடத் தகுதியானவர் யார்? ஆலோசகரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கோப்பைப் படிக்காமல் கையெழுத்திடுவது கவனக்குறைவு என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் வருத்தமான முகத்தோடு வந்தார். கோப்பு முழுவதையும் படித்துவிட்டதால் தனக்கும் சலூன்காரரைத் தெரிந்துவிட்டது என்றார்.

இனி அறங்காவலர் குழுவே நேரடியாக முடிவெடுக்கலாம், அதற்குக் கையேட்டில் இடமிருக்கிறது என்று கூட்டம் கூட்டினார்கள். ஆலோசகர் எழுந்து, விஷயத்தை எடுத்துக்கொள்ளுமுன் விண்ணப்பதாரரால் ஆதாயம் பெற்றவர்கள் தாமாக முன்வந்து அறிவித்துவிட்டு அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்றார்.

தலைவர் மனசாட்சி உள்ள மனிதர். முப்பது வருஷமாக என் தலை அவர் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார். மருந்துக்கடைக்காரர் மீசையை அறிவித்தார். தையற்காரர் எழுந்தார், பல்டாக்டர் எழுந்தார், இன்னும் இருவர் எழுந்தார்கள். மிச்சமிருந்தது தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருத்தி. தனக்கு எந்த ஆதாயமும் இல்லை, தன் வீட்டுக்காரருக்கும் இரண்டு பையன்களுக்கும்தான் அவர் வெட்டுகிறார் என்றாள். அந்தத் தலைகளைத் தினமும் பார்ப்பது யார் என்று ஆலோசகர் கேட்டார். நான்தான் என்றாள். அது மறைமுக ஆதாயம் என்றார். அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

அறையில் ஆலோசகரும், தண்ணீர் வைக்க வந்த சாவியக்காவும் மட்டும் நின்றார்கள். ஏழு காலி நாற்காலிகளையும் ஆலோசகர் மனநிறைவோடு பார்த்தார்.

"இப்ப யார் சார் முடிவு பண்ணுவாங்க?"

"யாருமில்லம்மா. இவ்வளவு சுத்தமான கூட்டத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

ஒரு மாதம் போயிற்று. சலூன்காரர் ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இங்கே அறங்காவலர்களின் முடி வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று தெரு தள்ளி இன்னொரு கடை உண்டு. ஆனால் விஷயம் நிலுவையில் இருக்கும்போது வேறிடத்தில் முடி வெட்டிக்கொள்வது ஆதாரத்தைக் கலைப்பதாகும் என்று ஆலோசகர் எழுத்துமூலம் எச்சரித்திருந்தார். தலைவரின் முடி காலரைத் தாண்டியது. இன்னும் ஒரு மாதம் போனால் என் ரிப்பனைத் தருகிறேன் என்றாள் அவர் மனைவி. பல்டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு நோயாளிகள் பல்வலியோடே திரும்பிப் போனார்கள்.

கொட்டகையில் ஒன்பது சக்கர நாற்காலிகள் தூசி படிந்து நின்றன. சாவியக்கா ஜன்னல் வழியாகத் தினமும் அவற்றை எண்ணிவிட்டுப் போனாள். சலூன்காரர் மனைவி இப்போது அழுவதில்லை. வந்து கொட்டகை வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஆலோசகரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அடுத்த வருகையில் அவர் கையேட்டின் இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து, குழுவில் பயனாளிகளின் பிரதிநிதி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், அதற்கே பத்து மதிப்பெண் என்றார். மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்ததும் தலைவர் நிமிர்ந்தார். முன்னால் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, சலூன்காரரையே அறங்காவலராக எடுத்துவிடலாம் என்றார். ஆளே உள்ளே வந்துவிட்டால் அப்புறம் யாரைக் கேட்க வேண்டும்? எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவர்கள் அப்படி ஒருமனதாகத் தட்டியது அந்த வருஷத்தில் அதுவே முதல் தடவை.

தலைவரே ஆஸ்பத்திரிக்குக் கோப்போடு போனார். சலூன்காரர் முதலில் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அடையாளம் தெரிந்ததும் தலையைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போட்டார். நாற்காலிக்கான கையெழுத்து என்று நினைத்துக்கொண்டார். தலைவரும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் ஆலோசகர் எட்டாவது அறங்காவலரின் பதவியேற்பை வரவேற்று, அதே மூச்சில் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்தார். அறங்காவலர் எவரும் அறக்கட்டளையிடமிருந்து எந்த உதவியும் பெறலாகாது.

செயலாளர், ராஜினாமா செய்யச் சொல்லிவிடலாமே என்றார். தாராளமாகச் செய்யலாம் என்றார் ஆலோசகர். கூட்ட அறைக்கு நேரில் வந்து, எல்லார் முன்னிலையிலும் செய்ய வேண்டும். கடிதம் செல்லாது, மனைவி வந்தாலும் செல்லாது.

"அவர் எப்படி சார் வருவார்?" என்று தலைவர் கேட்டார்.

"சக்கர நாற்காலி இருந்தா வரலாமே," என்றார் ஆலோசகர்.

இதை வாசலில் நின்று கேட்ட சாவியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. கத்திப் பயனில்லை என்பது தெரிந்ததால் கத்தவில்லை. இந்த மனுஷனிடம் பேச வேண்டுமானால் இவர் பாஷையில்தான் பேச வேண்டும் என்று, அலமாரியிலிருந்த அறக்கட்டளை ஆவணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளில் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்த முதல் ஆள் அவள்தான். மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது படியும் ஏறி வந்து, ஒன்பதாம் பிரிவின்மேல் விரலை வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் படிங்க சார். ஒவ்வொரு அறங்காவலருக்கும் கூட்டத்துல உட்காரத் தகுந்த இருக்கையும், வந்து போக வேண்டிய வசதியும் செஞ்சு தரணும்னு போட்டிருக்கு. உங்க எல்லாருக்கும் இருக்கை இருக்கு. எட்டாவது ஆளுக்கு எங்க இருக்கு?"

ஆலோசகர் இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. அறங்காவலர் உட்கார்வதற்குக் கொடுப்பது உதவி ஆகாது, அது தளவாடம் என்றார். தளவாடத்துக்குப் படிவம் நான்கு தேவையில்லை. செயலாளர் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக எடுத்தார்.

மறுநாள் காலை சலூன்காரர் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டார். நீளமுடிக்காரர்கள் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் பத்தொன்பது படியும் ஏற்றினார்கள். தெருவில் போனவர்கள் ஏதோ நாடகக் கோஷ்டி என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். மேலே வந்து மூச்சு வாங்கியதும் ஆலோசகர், இப்போது ராஜினாமா செய்யலாம் என்றார். சலூன்காரர் வாயைத் திறந்தார். சாவியக்கா இருமினாள்.

"அவர் விலகிட்டா இருக்கையும் போயிடும் சார். கூட்டம் நடக்கிற வரைக்கும்தான் இருக்கை அவருது. அதனால கூட்டத்தை முடிக்காதீங்க, ஒத்தி வைங்க."

ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் முடிந்த கூட்டம் அல்ல என்று ஆலோசகர் தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது மாணவியின் விடையைத் திருத்தும் வாத்தியார் மாதிரி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. சலூன்காரர் நாற்காலியோடு வீடு போய்ச் சேர்ந்தார். அன்று மாலைக்குள் ஏழு குடும்பங்களின் தலைகளும் சீரடைந்தன. அறங்காவலர் ஒருவர் கூட்டத்தின்போது மற்றவருக்கு முடி வெட்டுவதை மினிட்ஸில் ஏற்ற வேண்டுமா என்று செயலாளர் எழுதிக் கேட்டார். வேண்டும், எடுத்த அளவோடு என்று பதில் வந்தது.

வழி தெரிந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா? இடுப்பு பிடித்துக்கொண்ட லாரி டிரைவர் வந்தார். சாவியக்கா படிவம் நான்கைத் தொடவே இல்லை. அவரை ஒன்பதாவது அறங்காவலராக்கி வாக்கரைக் கொடுத்தாள். கணுக்கால் பிசகிய நடன டீச்சர் பத்தாவது. பேக்கரிக்காரரும் அவர் மாமியாரும் ஒரே நாளில் பதினொன்று, பன்னிரண்டு. அத்தனை பேரை மாடிக்குத் தூக்க முடியாதென்று, "கூட்ட அறை" என்ற பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து கொட்டகை வாசலில் மாட்டினார்கள். மாடியில் மிச்சமிருந்தது அலமாரியும் மினிட்ஸ் புத்தகங்களும்தான். அவற்றை எடுத்து வர சாவியக்கா ஒருத்தி ஏறி இறங்கினாள். வருஷக் கடைசியில் அறங்காவலர்கள் நாற்பத்து மூன்று பேர். பயனாளிகள் ஒருவரும் இல்லை. கூட்டம் இன்னும் முடியவில்லை.

ஆண்டறிக்கையைப் படித்த ஆலோசகருக்குக் குரல் தழுதழுத்தது. ஒரு பயனாளிகூட இல்லாததால் சலுகை காட்டப்பட்டதாக எவரும் குற்றம் சொல்ல முடியாது என்றார். தங்க ஓரம் போட்ட சான்றிதழ் வந்தது. முதல் தரத்துக்கும் மேலே ஒரு தரம் இதற்காகவே உண்டாக்கியிருந்தார்கள். தலைவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நாய்ச் சங்கம் இருக்கும் திசையை ஒரு முறை பார்த்தார்.

சான்றிதழைப் பதிவு செய்ய மினிட்ஸ் புத்தகம் வேண்டியிருந்தது. சாவியக்கா மாடிக்குப் போனாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கும்போது முழங்கால் மடங்கியது. ஏழு படி உருண்டாள்.

எலும்பு முறியவில்லை. ஆனால் மூட்டு தேய்ந்து போய்விட்டது, இனிமேல் கோல் இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது, இது ஆயுசுக்கும்தான் என்றார் டாக்டர். கொட்டகையில் ஊன்றுகோல்கள் இன்னும் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு அவள் கையாலேயே புது ரப்பர் போட்டிருந்தாள்.

அவளையும் அறங்காவலராக்கிவிடலாம் என்று சலூன்காரர் உடனே சொன்னார். ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். ஊழியர் அறங்காவலராக முடியாது. வேலையை விட்டுவிட்டு ஆகலாமே என்றார்கள். விட்டால் புதிதாகப் பொருள் காப்பாளர் நியமிக்கும்வரை கொட்டகையைத் திறக்க முடியாது என்றார். ஆனால் ஊழியர் பயனாளியாவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று சொன்னபோது அவர் கண்கள் பளபளத்தன. வருஷத்தின் முதல் பயனாளி! பையிலிருந்து படிவம் நான்கை அவரே எடுத்துக் கொடுத்தார்.

சாவியக்கா சுவரில் சாய்ந்து நின்றபடி பூர்த்தி செய்தாள். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அப்பா அம்மா வைத்த பெயரை எழுதினாள். எழுதி வெகுநாளானதால் கை கொஞ்சம் தயங்கியது. பத்து வரி முடிந்தது. பதினோராவது வரியில் கையெழுத்திட வேண்டியவர் பொருள் காப்பாளர். அதுவும் அவள்தான்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே வரியில் இவள் பேனா நின்றது. இப்போது நிற்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ பிரிவுகளை எத்தனையோ விதமாகப் படித்துவிட்டவள். இது வெறும் வரி, வேலை நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, மேற்படி விண்ணப்பதாரரைத் தனக்கு எவ்வகையிலும் தெரியாது என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விண்ணப்பம் ஊழியருடையது என்பதால் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்றார் ஆலோசகர். விண்ணப்பதாரரைத் தெரிந்தவர்கள் அறிவித்துவிட்டு வெளியேறலாம் என்று தொடங்கினார். நாற்பத்து மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்து போனால் என்ன ஆகும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு மாதம், இன்னொரு கோப்பு, அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவராகச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும் என்றார் ஆலோசகர்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்குத் தெரியாது."

மருந்துக்கடைக்காரர் தெரியாது என்றார். தபால் அம்மாள் தெரியாது என்றாள். வாக்கரில் நின்ற லாரி டிரைவர், நடன டீச்சர், பேக்கரிக்காரர், அவர் மாமியார் எல்லாரும் அவள்மேல் உள்ள பிரியத்தால் தெரியாது என்றார்கள். படிவத்தில் இருந்த பெயரை அவர்களில் ஒருவரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை, ஆகவே முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கடைசியில் சலூன்காரர். இப்போது நன்றாக நடக்கிறார், ஆனாலும் கூட்டம் முடியாததால் நாற்காலியில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். செயலாளர் எழுதிக்கொண்டார்.

புது ரப்பர் போட்ட கோல் அவள் கைக்கு வந்தது. டீ போடலாமா என்று அவள் கேட்டாள். ஆலோசகர் கையை உயர்த்தித் தடுத்தார். பதிவு செய்த அறிவிப்பு பொருள் திரும்பி வரும்வரை செல்லும், அதுவரைக்கும் விண்ணப்பதாரரிடம் பரிச்சயம் காட்டுவது குறிப்புக்கு முரணாகும், முரண் இருந்தால் கோலைத் திரும்பப் பெற நேரிடும் என்றார். டாக்டர் ஆயுசுக்கும் என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை சாவியக்கா கோலூன்றிக்கொண்டு தெருவில் நடந்தாள். பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டில் குனிந்துகொண்டார். மருந்துக்கடையில் யாரோ அவசரமாக மேல்தட்டில் எதையோ தேடினார்கள். நடன டீச்சர் எதிர்ப்பக்கம் மாறிப் போய், போன பிறகு திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோலைப் பிடுங்கிக்கொள்வார்களே என்கிற அக்கறையில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்வது?

சலூன் வாசலில் வந்து நின்றாள். உள்ளே சலூன்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டியே நின்றார். அவருக்கு எதிரே இருந்த பெரிய கண்ணாடியில், கோலூன்றிய அம்மாள் ஒருத்தி இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாவியக்கா சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே.